அமானிதமும் தராசும்

மறுமையில் உடலைப் பற்றியும் விசாரணை உண்டென்று நம்புகின்றவர்கள் நாம். கண்ணும் காதும் வயிறும் இரவலாகக் கிடைத்தவை. ஒருநாள் ஒப்படைக்கப்பட வேண்டியவை. அப்படியாயின், ஒருவரின் உடல் அளவுக்கு மீறிப் பருக்கும்போது, அவர் அமானித மோசடி செய்துவிட்டார் என்று மற்றவர் தீர்ப்புச் சொல்லலாமா? கொரோனாக் காலம் இந்த வினாவை எமது வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தது.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கடை, பள்ளிவாசல், பாடசாலை என்று நடந்த கால்கள் வீட்டோடு முடங்கின. அரிசியும் மாவும் சீனியும் எப்படியோ கிடைத்தன. மீனும் மரக்கறியும் அரிதாயின. பயமும் தனிமையும் கூடினால் மனிதன் எதையாவது மெல்லத்தான் செய்கிறான். பருமனானவர்களை இந்நோய் கடுமையாகத் தாக்கும் என்ற செய்தியும் கூடவே வந்தது. அவ்வருடம் ஏப்ரலில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மீண்ட அன்றைய பிரித்தானியப் பிரதமர் பொரிஸ் ஜோன்சன், தான் மிகப் பருமனாக இருந்ததைப் பின்னர் பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். ஒரு பிரதமரால் அது முடிந்தது. ஊரிலுள்ள ஒரு பெண்ணால் முடியுமா?

என் ராத்தாவுக்குச் சீனி வருத்தமும் முழங்கால் வலியும் உண்டு. மாதாந்தக் கிளினிக் நின்றபோது மருந்து தபாலில் வந்தது. தபாலில் குளிசை வரும், "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்கும் வைத்தியர் வரமாட்டார். கிளினிக் மீண்டும் தொடங்கிய பின்னரும் அவர் போகவில்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, எம் சமூகமே அறிந்தது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொரோனாவால் மரணித்தோரின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கும்வரை, வைத்தியசாலை வாசலை மிதிக்கவே அஞ்சியோர் எம்மில் பலர். அந்த அச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமல்லர்.

இரண்டாவதை அவர் மிகவும் பிந்தியே சொன்னார்: "தம்பி, அங்க போனா நாலு பேருக்கு முன்னால தராசில ஏத்துறாங்க. ஊட்ட வந்தா நீ ஹதீஸ் சொல்றாய்."

உண்மைதான். அந்த றமழானில், இப்தார் நேரம் அவர் இரண்டாந் தடவை கஞ்சிக் கோப்பையை நீட்டியபோது, வயிற்றை மூன்றாகப் பங்கிடும் நபிமொழியை நினைவூட்டியவன் நான். சொன்ன வார்த்தை சரி. சொன்ன நேரமும் நோக்கமும் பிழை. அதில் அவருடைய சுகத்தைவிட என்னுடைய ஒழுக்கப் பெருமையே மிகுதியாக இருந்தது.

பருமனை நாட்பட்ட நோயாகவே உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. பரம்பரை, தூக்கக் குறைவு, மன அழுத்தம், இன்சுலின் போன்ற சில மருந்துகள் யாவும் எடையைக் கூட்டவல்லவை. எடை குறையத் தொடங்கினால், உடல் அதைப் பஞ்சமென்று எண்ணிப் பசியைத் தூண்டும் ஹோர்மோனைக் கூட்டுகிறது. சக்தியைச் செலவிடுவதையும் சுருக்குகிறது. ஆகவே இது நப்ஸோடு மட்டும் நடக்கும் போராட்டமன்று.

இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் வயிற்றின் இச்சையை அடக்குவதற்கென்றே ஒரு பாகம் ஒதுக்கினார். ஆயினும் அது, ஒருவர் தன் நப்ஸை நோக்கி வாசிக்க வேண்டியது. அடுத்தவரின் கோப்பையைப் பார்த்து ஓத வேண்டியதன்று. எல்லா நோயாளிக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கும் வைத்தியரின் ஆபத்தை உவமையாக்கி, ஆன்மீக வழிகாட்டிகளை எச்சரித்தவரும் அவரே.

அப்படியென்றால் பருமனானவருக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே சீனிக்கும் பிறஷருக்கும் நன்மையென்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நடப்பதும், சோற்றைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவதும் அவரவர் கடமை. தன்னால் மட்டும் முடியாதபோது வைத்தியரை நாடுவதும் அதே கடமையின் பகுதிதான். அது ஈமானின் பலவீனமன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. ஒருவரை வெட்கப்படுத்தி அந்த வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறவர், அவருடைய அமானிதத்தில் தானும் கைவைத்தவராகிறார். அதற்கும் விசாரணை உண்டென்றே நான் அஞ்சுகிறேன்.

கொரோனா உலகளாவிய அவசரநிலை அல்லவென்று 2023 மே மாதம் அறிவிக்கப்பட்டுவிட்டது. தராசுக்கு முன்னே நிற்கும் வெட்கம் இன்னும் நீங்கவில்லை.

ராத்தா மறுபடி கிளினிக் போன அன்று நானும் கூடப் போனேன். முதலில் நானே தராசில் ஏறினேன். ஆசியருக்கு உடற் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆபத்துக் கூடத் தொடங்கும் என்றார் தாதி. ஒல்லியென்று என்னை நம்பியிருந்த நான் அதைத் தாண்டியிருந்தேன். ராத்தா எதுவும் சொல்லவில்லை. ஹதீஸும் சொல்லவில்லை.