பகிர்வா, காட்சியா?

நமது பொருள் ஒன்றைப் பிறரோடு பகிர்ந்துகொண்டோம் என்று எப்போது உண்மையாகச் சொல்லலாம்? பிறர் பார்க்கும்படி வைத்தால் போதுமா? சற்று நேரம் அவர்கள் கையில் கொடுத்தால் போதுமா? சிறிய கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள், அன்பான வாசகர்களே. விளையாட்டுச் சாமான் ஒன்றை முன்வைத்தே இதைச் சிந்திக்கலாம்.

றேடியோ அலைகளால் இயங்கும் சிறிய பந்தயக் கார்களை அறிவீர்கள். யப்பானின் தமியா நிறுவனம் தனது முதலாவது றேடியோக் காரை 1976ஆம் ஆண்டில் வெளியிட்டது. அது போர்ஷ கார் ஒன்றின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவானது. 1999இல் அந்நாட்டின் கியோஷோ நிறுவனம், நான்கு சிறு பற்றறிகளில் ஓடும் 'மினி-இசட்' கார்களைக் கொண்டுவந்தது. உள்ளங்கையில் வைக்கத்தக்க இக்கார்களுக்குப் பெருந்திடல் தேவையில்லை. ஒன்றோடொன்று கொளுவும் மெத்தென்ற விரிப்புத் துண்டுகளை நிலத்தில் பரப்பினால் பாதை தயார். கழற்றி அடுக்கினால் எங்கும் எடுத்துச் செல்லலாம்.

இவ்வாறு எடுத்துச் செல்லும் பந்தயப் பாதையொன்றை அமைப்பவர் முதலில் தம்மையே ஒன்று கேட்கவேண்டும்: இது யாருக்காக? தமக்காகவெனில் மிக வேகமான காரைத் தேடுவார். பிறருக்காகவெனில் அவரது கணக்கே மாறிவிடும். புதிதாகப் பழகும் பிள்ளைக்காக வேகத்தைக் குறைத்து வைப்பார். கார்கள் எல்லாம் ஒரே தரமானவையாக இருக்கப் பார்ப்பார். அப்போதுதான் பணமல்ல, பழக்கமே வெல்லும். மேலதிகச் சில்லுகளையும் பற்றறிகளையும் பெட்டியில் வைப்பார்.

"பொருள் பழுதாகிவிடுமே" என்பீர்கள். உண்மைதான். விலைமதிப்பான காரை வீட்டில் வைத்துவிட்டு வருவது குற்றமன்று, அது முன்யோசனை. ஆனால், பகிர்வதற்கென்று கொண்டுவந்ததில் கீறல் விழும் என்பதைப் புறப்படுமுன்னரே செலவாக எழுதிவிடவேண்டும். ஒவ்வொரு மோதலுக்கும் "கவனம், கவனம்" என்று பதறினால், பிள்ளைக்குக் கிடைப்பது மகிழ்ச்சியன்று, அச்சமே.

இவ்விளையாட்டின் பழைய வழக்கங்களிலும் ஒரு பாடம் உண்டு. முன்னர் பலவிடங்களில் 27 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் ஆறு நிறங்களால் குறிக்கப்பட்ட ஆறு வழிகளே பயன்பட்டன. ஒரே நிறத்தில் இருவர் கருவியை இயக்கினால், ஓடிக்கொண்டிருக்கும் கார் கட்டுப்பாட்டை இழந்துவிடும். அதனால் கழகங்களில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அடையாளக் கவ்வியைப் பலகையில் மாட்டி வைத்தார்கள். அதை எடுத்தவரே தமது கருவியைப் போடலாம், மற்றவர் காத்திருக்கவேண்டும். இன்றைய 2.4 கிகாஹேட்ஸ் கருவிகளுக்கு அத்தேவை இல்லை. பலர் ஒரே வேளையில் ஓட்டலாம். அலைகளின் தகராற்றை இயந்திரம் தீர்த்துவிட்டது. ஆனால், ஒரு காருக்கு மூன்று பிள்ளைகள் காத்து நிற்கும்போது யாருக்கு முதலில் கொடுப்பது என்பதை எந்த இயந்திரமும் தீர்க்காது.

இன்னொரு வழக்கம் இன்றும் பல பந்தயங்களில் நிலைத்திருக்கின்றது. தமது ஓட்டத்தை முடித்தவர் உடனே ஓய்வெடுக்கமாட்டார். அடுத்த ஓட்டத்தின்போது பாதையின் வளைவில் போய் நிற்பார். கவிழ்ந்த கார் தானே நிமிராது; ஓட்டுபவரோ தூரத்தில் நிற்கிறார். வளைவில் நிற்பவரே ஓடிச்சென்று அதை நிமிர்த்தி விடுவார். அது நண்பனின் காரா, தம்மைத் தோற்கடித்தவரின் காரா என்று பார்ப்பதில்லை. இதற்குப் பரிசுமில்லை, கைதட்டலுமில்லை. ஆனால், இவரின்றிப் பந்தயமும் இல்லை.

பகிர்வுக்கும் காட்சிக்குமுள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. பொருளைக் கொண்டுவந்தவர் கருவியைத் தம் கையிலேயே வைத்திருந்து, சுற்றி நிற்பவர்களின் வியப்பைப் பெற்றுக்கொண்டால், அது காட்சி. கருவியைக் கொடுத்துவிட்டுத் தாம் வளைவில் போய் நின்றால், அது பகிர்வு. மாலையில் பெட்டியை மூடும்போது ஒன்றைக் கேட்டுப்பார்த்தால் போதும்: இன்று அதிக நேரம் ஓட்டியது யார்?

நம் வீட்டிலும் புத்தக அலுமாரி, துவிச்சக்கரவண்டி, கணினி எனப் பல பொருள்கள் உண்டு. பிள்ளைகளிடம் "பங்கிட்டு விளையாடுங்கள்" என்று சொல்லுமுன், பெரியவர்களாகிய நாம் எந்த வளைவில் நிற்கிறோம் என்று அவர்கள் காணட்டும்.