641 உடைத்த எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. எழுதிப் பார்த்தால் 4294967297. கண்ணுக்கு எந்தச் சிறப்பும் தெரியாது. ஆனால் கணிதத்தில் நான் அடிக்கடி திரும்பிப் போய்ப் பார்க்கும் எண் இது.

இரண்டில் தொடங்குவோம். ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 2, 4, 16, 256, 65536. எல்லாவற்றிலும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537. ஐந்தும் பகா எண்கள். துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய பியர் தெ ஃபெர்மா, இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் அவரிடம் இல்லை. வரிசையில் அடுத்து நிற்பதுதான் நம் எண், 2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்று.

ஃபெர்மா சொன்னது சரிதானா என்ற கேள்வியை 1729இல் கணிதவியலாளர் கோல்ட்பாக், இன்னொரு கணிதவியலாளரான ஆய்லரிடம் எழுப்பினார். 1732இல் ஆய்லர் விடை சொன்னார்: நம் எண் பகா எண் அல்ல, அது 641 × 6700417.

ஓர் எண் பகு எண்ணா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும்; நம் எண்ணுக்கு அது ஏறத்தாழ 65536. அதுவரை 6542 பகா எண்கள் உண்டு. அத்தனையையும் சோதிக்கத் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது ஆய்லரே நிறுவிய விதி. அப்படிப்பட்டவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடுகிறது!

641 உண்மையிலேயே வகுக்கிறதா? பெரிய பெருக்கல் எதுவும் வேண்டாம். 5 × 128 = 640. 641-க்கு ஒன்று குறைவு, எனவே மீதிக் கணக்கில் அதை −1 என்று கொள்ளலாம். −1-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 1. ஆக 5-இன் நான்காம் அடுக்கான 625-ஐயும், 128-இன் நான்காம் அடுக்கான 2-இன் 28ஆம் அடுக்கையும் பெருக்கினால் மீதி 1. இப்போது 625-ஐப் பாருங்கள்: 641-க்கு 16 குறைவு. அதன் இடத்தில் −16 வைக்கலாம். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. 28-உம் 4-உம் சேர்ந்தால் 32. ஆக 2-இன் 32ஆம் அடுக்கு −1-க்குச் சமம். ஒன்றைக் கூட்டுங்கள், மீதி பூஜ்யம். இதைவிட அழகான நாலு வரிக் கணக்கை நான் பார்த்ததில்லை.

இந்த எண்ணுக்கு இரண்டு குறைவான 4294967295-உம் சாதாரணமானதல்ல. 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தின் பெருக்கற்பலன் அது. கணினியில் 32 பிட்டுகளும் 1 என்று நின்றால் வருவதும் அதுவே. 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று 1796இல் கணிதவியலாளர் காஸ் காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை நம் வரிசையின் பகா எண்களில் (இவையே ஃபெர்மா பகா எண்கள்) ஒன்றாகவோ, வெவ்வேறான சிலவற்றின் பெருக்கற்பலனாகவோ இருந்தால் இது முடியும். அப்படி வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று கிடைத்தால்தான் அந்த எல்லை நகரும். இன்றுவரை கிடைக்கவில்லை.

3-ஐப் பூஜ்யமாவது இடத்தில் வைத்து எண்ணினால் நம் எண் ஐந்தாவது. இருபதாவதுக்கு 3 லட்சத்து 15 ஆயிரத்து 653 இலக்கங்கள். அது பகு எண் என்று நிரூபித்தாகிவிட்டது. ஆனால் அதை வகுக்கும் ஒரு 641 இன்னும் கைக்கு வரவில்லை.