பரிசல்காரர் 'போதும்' என்றால்

தீர்த்தமலையில் தண்ணீர் கொட்டுவதில்லை, கசிகிறது. அரூரை அடுத்த அந்த மலையின் மேலே தீர்த்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி நிற்கும் பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் நூலாக இறங்குகிறது. சிவபூசைக்குக் காசித் தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் திரும்பத் தாமதமானதால், ராமன் அம்பெய்து பாறையிலிருந்து வரவழைத்த நீர் என்பது தலக்கதை. கோபத்தில் அனுமன் வீசியெறிந்த தீர்த்தம் தென்பெண்ணைக் கரையில் விழுந்த இடம் இன்று அனுமந்தீர்த்தம் என்ற ஊர். மாசி மகத்திலும் விடுமுறை ஞாயிறுகளிலும் படியேறி மூச்சிரைக்க வருகிற கூட்டம் அந்த நூல்நீருக்குக் கீழே முறை பார்த்து நிற்கிறது. ஒரே சமயத்தில் சிலர்தான் நனைய முடியும். கைத்தாங்கலாக ஒரு பாட்டியை அழைத்து வந்தால் முன்னால் நிற்பவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். யாரும் அறிவிப்புப் பலகை வைத்துச் சொல்லித் தந்த ஒழுங்கு இல்லை அது.

அதே தருமபுரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், காவிரிக் கரையில் ஒகேனக்கல். தீர்த்தமலையிலிருந்து சாலை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். காணும் பொங்கல், கோடை விடுமுறை, ஆடிப்பெருக்கு, சனி ஞாயிறோடு சேர்ந்து வரும் அரசு விடுமுறை என்று எந்த நாளிலும் அங்கே பரிசல் துறையில் நின்று பார்க்கலாம். "அண்ணே, ரெண்டும் சின்னப் பசங்கதானே, மடியில உக்காந்துக்குவாங்க." "எல்லாரும் ஒரே குடும்பம்ணே, பிரிக்காதீங்க." "மேல நூறு ரூபா சேர்த்து வாங்கிக்கங்க." ஏறி உட்கார்ந்ததும் பாதுகாப்பு உடையின் வார்கள் அவிழ்கின்றன. ஈரமாக இருக்கிறது, முந்தைய சவாரிக்காரரின் வியர்வை நாறுகிறது, படத்தில் சட்டை தெரியாது. நடு ஆற்றில் ஒருவர் எழுந்து நின்று கைப்பேசியை உயர்த்துகிறார். இன்னொருவர், "சுத்தி விடுங்கண்ணே" என்கிறார்.

தீர்த்தமலையில் முறைக்கு நின்றவரும் இவரும் வேறு வேறு ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. காலையில் அங்கே நனைந்த குடும்பமே மதியம் இங்கே பரிசலில் இருக்கலாம். மாறியது மனிதர் அல்ல என்றால் மாறியது என்ன? மலையில் அவர் பக்தர், அந்த நீர் யாருக்கும் சொந்தமில்லை என்று அறிந்தவர். ஆற்றில் அவர் காசு கொடுத்தவர். கட்டணம் கட்டிய கணத்திலிருந்து அந்தப் பரிசலும் துடுப்பும், அதைப் பிடித்திருக்கும் கையும் சற்று நேரத்துக்குத் தம்முடையவை என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. சிக்கல் அந்த எண்ணத்தில்தான் தொடங்குகிறது. சவாரியைத்தான் அவர் வாங்கினார். அதில் உடன் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் மீது அவருக்கு எந்த உரிமையும் கிடைக்கவில்லை.

பரிசலை ஒருமுறை கிட்டே நின்று பார்த்தால் இது விளங்கும். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னிய வட்டக் கூடை அது. முன்பு எருமைத்தோல் போர்த்தினார்கள். பிறகு பிளாஸ்டிக் விரிப்பும் தார்ப்பூச்சும் வந்தன. அதற்கு முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. நீரைக் கிழித்து நேர்கோட்டில் பிடித்துவைக்கும் அடிமரமும் இல்லை. அகலமான தட்டை அடிதான் அதன் ஒரே பலம். ஏறியவர்கள் தாழ உட்கார்ந்து, கனம் சுற்றிலும் சமமாகப் பரவியிருக்கும்வரை பாறைகளுக்கு இடையிலும் அது பதறாமல் போகும். ஏறுகிற ஒவ்வொருவரும் விளிம்பை நீருக்குக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவருகிறார். ஒருவர் எழுந்தால் கனம் மேலேறுகிறது. இருவர் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த விளிம்பு நீரைத் தொடுகிறது. உள்ளே வந்த தண்ணீர் எங்கும் பரவி நிற்பதில்லை, தாழ்ந்த பக்கத்துக்கே ஓடி அதை இன்னும் தாழ்த்துகிறது. அதற்குப் பிறகு துடுப்பால் செய்ய அதிகம் இல்லை.

ஆகவே "என் உயிர், என் இஷ்டம்" என்ற பேச்சு பரிசலில் செல்லாது. தனியாக மலை ஏறுபவர் அதைச் சொல்லலாம், அங்கே கூடத் தேடிப் போகிறவர்களை நினைத்துத்தான் சொல்ல வேண்டும். பரிசலில் ஏறியவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே சமநிலை. அதில் ஒருவர் எடுக்கும் துணிச்சலுக்கு மற்றவர்கள் சம்மதம் கொடுத்ததில்லை. மடியில் இருக்கும் மூன்று வயதுக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கான உடையை அதன்மேல் மாட்டி, வார் எட்டாமல் தொங்கவிட்டிருப்பார்கள். நீரில் விழுந்தால் உடை மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். பக்கத்தில் வேறொரு குடும்பம் போகிறது. அவர்களிடமும் கேட்கவில்லை. கவிழ்ந்தால் முதலில் குதிப்பவர்கள் அக்கம்பக்கத்துப் பரிசல்காரர்கள். அவர்களிடமும் கேட்கவில்லை.

அறியாமல் செய்வது வேறு, அறிந்தும் செய்வது வேறு என்று ஒரு வாதம் எழலாம். அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆயுத பூசை விடுமுறையை ஒட்டி வந்த சுற்றுலாக் கூட்டம் அது, தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் நகர்ந்ததும், அந்தப் படகின் அமைப்பிலேயே நிலைத்தன்மை குறைவாக இருந்ததும் பிறகு பேசப்பட்டன. காட்டு விலங்கைப் பார்க்க எழுந்தவரைக் குற்றவாளி என்று சொல்ல மனம் வராது. அதைப் பார்க்கத்தான் அவர் வந்தார். எழக் கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றால், தெரிவிக்க வேண்டியவர் வேறொருவர். படகு சரியாகக் கட்டப்பட்டிருக்கும் என்று நம்பியதும் அவர் தவறில்லை.

ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல்காரர், "சார், எந்திரிக்காதீங்க, உக்காருங்க" என்று சொன்ன பிறகும் நிற்பவருக்கு இந்த மன்னிப்பு கிடையாது. அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்ததோடு அறியாமை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நிற்பது, தன் படத்துக்காக உடன் வரும் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவரின் நிற்றல். கடுமையான சொல்தான். மென்மையாகச் சொல்ல வேறு வழி இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துடுப்பு யார் கையில்? ஆற்றை அறிந்தவர் யார்? எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல், எந்த மடு எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் பரிசல்காரருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. அறிந்தவருக்கே கடமை அதிகம் என்பது எல்லாத் தொழிலுக்கும் பொது. மருத்துவர், நோயாளி கேட்டார் என்பதற்காகத் தவறான மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது. அப்படியானால் கூடுதலாக இருவரை ஏற்றிய பரிசல்காரர்தானே முதல் பொறுப்பாளி? சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. ஆபத்தான நிலையிலோ அளவுக்கு மீறிய பாரத்தோடோ உள்ள நீர்க்கலத்தில் கூலிக்கு ஆளேற்றுவது குற்றம் என்று 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 282ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 284ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை சிறை. ஏற்றிக்கொண்டு போகிறவரையும் அப்படிப் போகச் செய்பவரையும் அந்தப் பிரிவு பேசுகிறது. ஏற்றச் சொல்லி வற்புறுத்திய பயணியின் பெயர் வழக்குக் கட்டில் வருவது அரிது.

சட்டம் அங்கே நிற்கட்டும். அறம் இன்னும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். பரிசல்காரரால் மறுக்க முடிந்ததா? மருத்துவர் மறுத்தால் அடுத்த நோயாளி வருவார். பரிசல்காரர் மறுத்தால், "நீ இல்லேன்னா இன்னொருத்தன்" என்று அந்தக் குடும்பம் அடுத்த பரிசலுக்கு நகரும். மழைக்காலத்தில் காவிரியில் நீர்வரத்து ஏறினால் பரிசல் நிறுத்தப்படும். பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் கன அடிக் கணக்கைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் தடை போடும். 2024 ஆடிப்பெருக்கு அப்படித்தான் போனது. ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடிய நாட்கள் அவை. தடை சரியானதுதான், அந்த வெள்ளத்தில் துடுப்பு போடுவது தற்கொலை. ஆனால் அந்த நாட்களின் வருமானம் யாருக்குப் போயிற்று? ஆண்டில் கூட்டம் வரும் நாட்களே சில. அவற்றில் சிலவற்றை வெள்ளம் எடுத்துக்கொள்கிறது. மீதி நாளில் ஒருவர் கூடுதலாக நூறு ரூபாய் நீட்டும்போது, அந்தக் கையின் வலுவும் அதை மறுக்க வேண்டிய கையின் வலுவும் ஒன்றல்ல. பணம் கொடுத்துப் பிறர் அறிவை வாயடைக்கச் செய்பவர், அந்த அறிவு செய்யத் தவறியதில் பாதிக்குப் பொறுப்பாளி. பாதிக்கு மேலும் சொல்லலாம். ஏனென்றால் பரிசல்காரர் பசிக்காக இணங்குகிறார், இவர் கேளிக்கைக்காகக் கேட்கிறார்.

பரிசல்காரர்கள் அத்தனை பேரும் நிரபராதிகள் என்று இதற்குப் பொருளில்லை. யாரும் கேட்காமலே பரிசலைச் சுழற்றிக் காட்டி, பெண்கள் அலறுவதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு. அலறல் விளையாட்டுதான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வேண்டாம் என்று ஒருவர் சொல்லியும் சுழற்றினால் அது விளையாட்டு அல்ல.

2015 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து ஒரு குடும்பத்தைச் சேர்ந்த 6 பேர் இறந்தார்கள். அதற்கு முன் 2011 டிசம்பர் 25, அதுவும் ஞாயிறு, கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7, மீண்டும் ஞாயிறு. கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆளேற்றி, பொழுது சாய்ந்த பிறகு புறப்பட்டதில் 22 பேர். மூன்றும் ஞாயிறு என்பது தற்செயல் அல்ல. கூட்டம் கூடும் நாளில்தான் கணக்கு தளர்கிறது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதிகாரிகள் வந்தார்கள், தடை வந்தது, விதிகள் இறுக்கப்பட்டன, மெல்ல மெல்லப் பழையபடி ஆயிற்று. இறந்தவர்களின் உறவினர்களிடம் ஆறுதலாக, "விதி" என்று சொல்லிப் போகிறோம். ஆற்றோடு போகும் தெப்பத்தை ஊழுக்கு உவமை சொன்னவர் கணியன் பூங்குன்றனார். தெப்பம் எப்படிப் போகும் என்பது ஆற்றின் கையில் இருக்கலாம். அதில் எத்தனை பேர் ஏறுவது என்பது கரையில் நிற்பவர்களின் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஊழின் தலையில் கட்டக் கூடாது.

கரையில் நடக்கும் மற்ற அவலங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, எல்லாரும் பார்த்தவைதான். பாறை இடுக்கில் உடைத்துப் போட்ட மதுப் புட்டி மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வரும் முதியவரின் பாதத்தைக் கிழிக்கிறது. குடித்துவிட்டுப் பரிசலேற வருபவரைத் திருப்பி அனுப்புவது யார் வேலை என்று யாருக்கும் தெளிவில்லை.

அரசு செய்ய வேண்டியதைத் தடை என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது. தடையின் செலவு முழுதும் ஊட்டமலையிலும் ஒகேனக்கல்லிலும் துடுப்பை நம்பி வாழும் வீடுகளின் மேல் விழுகிறது. அதைவிடக் கடினமான, ஆனால் நியாயமான வேலை ஒன்று உண்டு: பரிசல்காரரின் மறுப்புக்குப் பாதுகாப்புக் கொடுப்பது. தலை எண்ணுவது கட்டணச் சாளரத்திலேயே முடிந்துவிட வேண்டும், பரிசலருகே பேரம் பேச இடமே இருக்கக் கூடாது. "இவர்களை ஏற்ற மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் குடும்பம் அடுத்த பரிசலுக்குப் போக முடியாது, அடுத்த சவாரியும் மறுத்தவருக்கே என்று இருக்க வேண்டும். குழந்தை அளவில் பாதுகாப்பு உடைகள் வேண்டும். உலர்த்திக் கொடுத்தால் நாறுகிறது என்ற சாக்கும் போய்விடும். வெள்ளத் தடை நாட்களுக்கு நிவாரணம் வேண்டும். மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கடலோரத்தில் உதவித்தொகை கொடுக்கும் மாநிலத்துக்கு இது புதிய எண்ணம் அல்ல.

இதெல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத ஒன்று பயணியின் கையில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஒகேனக்கல் போகிறீர்களா? உடையை மாட்டி, வாரை இழுத்துக் கட்டுங்கள். பிள்ளையின் வாரை நீங்களே கட்டிவிட்டு, தோளில் இரு கையால் மேலே இழுத்துப் பாருங்கள். உடை காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கான உடை அல்ல, வேறு கேளுங்கள். பரிசல்காரர், "போதும் சார், அடுத்ததுல வரட்டும்" என்று சொன்னால் முகம் சுளிக்காமல் இருவர் இறங்கிக்கொள்ளுங்கள். அப்படி இறங்கியவர்கள் கரையில் காத்திருக்கப் போவது சிறிது நேரம்தான்.