கண்ணும் கோலும்

இடருற்ற காலத்து இறைவன் வழிநடத்துவான் என நம்புவார் பலர், இழந்தது உடனே மீளும் என்றே அதற்குப் பொருள் கொள்கின்றனர். திருவொற்றியூரிற் சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு நிகழ்ந்தது வேறு.

மகிழின்கீழ்ச் சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுற்ற அவர், ஆரூர் வசந்தவிழாவை நினைந்து ஊரெல்லை கடந்ததும் கண்ணிழந்தார். பிழை தமதே என உணர்ந்தும் திரும்பிலர், பாடிக்கொண்டே நடந்தார். திருவெண்பாக்கத்திற் கண் வேண்டினார்க்கு ஊன்றுகோலே கிடைத்தது. இடக்கண்ணைக் காஞ்சியிலும், வலக்கண்ணை ஆரூரிலும் பின்னரே பெற்றார். இரண்டையும் ஓரிடத்தே தருதல் இறைவனுக்கு அரிதோ? கோல் வழி முழுவதையும் காட்டாது. அடுத்த அடி வைக்கும் நிலத்தையே உணர்த்தும். ஆயினும் அதுவும் அவன் தந்ததே. மறைத்தலும் அருளின் தொழிலே எனச் சித்தாந்தம் கூறுதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. வன்றொண்டர் இறைவனைக் கடிந்தும் கேட்டார் என்பதை மறத்தலாகாது, முறையிடுதல் நம்பாமையன்று.

அத்திருவெண்பாக்கமும் இடம்பெயர்ந்தது. கொசத்தலையாற்றில் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய தலம் நீருள் மூழ்க, ஊன்றீசுவரர் பின்னர்ப் பூண்டியில் எழுந்தருளுவிக்கப்பெற்றார். அந்த ஆறே, திருவொற்றியூருக்கு அணித்தாகிய மணலி புதுநகரைச் சார்ந்து ஓடி எண்ணூரிற் கடல் சேர்கின்றது. 2021 நவம்பரில் அது பெருகிப் புதுநகரின் வீடுகளுட் புகுந்தது. உடைமை இழந்தார் முன் நின்று, இதுவும் அருளே என மேட்டில் இருப்பார் கூறுதல் எளிது; தகுவதன்று. சுந்தரருக்கு அத்தெளிவு பிறர் சொல்ல வந்ததன்று. காணாது நடந்த வழியில் தாமே உற்றது. வெண்பாக்கம் விட்டுப் பழையனூர் வழியே காஞ்சி சேரும்வரை அவர் கையில் இருந்தது அக்கோலே.