கடல் கடந்த பிள்ளைகளிடம் மறைக்கலாமா?

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழ்ந்த நமது குடும்பங்களின் பேரன் பேத்தியர் பலர் இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இல்லறம் நடத்துகின்றனர். இவ்வாழ்க்கையின் இடர்ப்பாடுகளைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். குழந்தைகள் தமிழ் மறப்பது, இரவுண்ணாமையைக் கடைப்பிடிக்க இயலாமை, ஊரில் முதியோரின் தனிமை என்பன அவற்றுட் சில. அவை யாவும் மெய்யே. ஆயினும் அவற்றினும் நுட்பமான ஒன்றை யாரும் வாய்திறந்து வினவுவதில்லை. ஊரில் இருப்பவர் தமக்கு நேர்ந்த துன்பத்தை அயல்நாட்டுப் பிள்ளைகளிடம் மறைப்பதும், அப்பிள்ளைகள் தமக்கு நேர்ந்ததைப் பெற்றோரிடம் மறைப்பதும் அறமாகுமா என்பதே அவ்வினா.

நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டார்கள். அவருடைய மகன் கலிபோர்னியாவிலிருந்து ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்குக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது வழக்கம். அங்கே அப்போது சனிக்கிழமை மாலை. ஆறு ஞாயிறுகள் அவ்வம்மையார் கைப்பேசியை அலமாரித் தட்டில் உயர்த்தி வைத்து, கட்டுப்போட்ட கை திரையில் விழாதவாறு முகத்தை மட்டும் காட்டினார். அவர் கணவரும் இதற்கு உடந்தை. கட்டைப் பிரித்த பின்னரும் சொல்லவில்லை. ஓராண்டு கழித்து ஊருக்கு வந்த மகன், சற்றே கோணலாகப் பொருந்தியிருந்த மணிக்கட்டைக் கண்டு, "இது எப்போது?" என்று கேட்டார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் பேச்சுத் தொடங்கும் முன், "அம்மா, சற்று எழுந்து நடந்து காட்டுங்கள்" என்கிறார். நலம் என்ற சொல் அவ்வில்லத்தில் மதிப்பிழந்துவிட்டது.

முற்காலத்தில் தூரமே மறைத்தது; மனிதர் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நீலநிற ஏரோகிராம் போய்ச் சேர்வதற்குள் காய்ச்சல் வந்தவர் எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார். தந்திக்காரர் தெருமுனையில் தென்பட்டாலே பெண்டிர் அழத் தொடங்கியதை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் அத்தந்தி யாரோ ஒருவரின் இரயில் வரும் நேரத்தைத் தெரிவித்திருக்கும்! 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திச் சேவையும் நிறுத்தப்பட்டது. இன்று செய்தி ஒரு நொடியில் செல்கிறது. ஆதலின் சொல்லாதிருப்பது இன்று காலத்தின் குறையன்று. ஒருவர் எண்ணித் துணிந்து செய்யும் செயல். செயலென்றால் அதற்கு அறக்கணக்கும் உண்டு.

மறைப்போர் தம் பக்கம் நூற்சான்று உண்டென்பர். அதை மறுக்க இயலாது. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சத்திய அணுவிரதத்திற்கு இலக்கணம் கூறுகையில், பெரும் பொய் பேசாதிருத்தலோடு, பிறருக்குப் பேரிடர் விளைக்கும் மெய்யையும் பேசாதிருத்தலைச் சேர்த்தே வகுத்தார். தத்துவார்த்த சூத்திரத்திற்கு உரை கண்ட பூஜ்யபாதரும், உள்ளதைப் பற்றியதாயினும் இல்லதைப் பற்றியதாயினும், உயிரை வருத்தும் சொல் நற்சொல்லன்று என விளக்கினார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்க்கும் வாய்மையின் இடத்தைத் தரலாம் என வள்ளுவரும் இசைந்துள்ளார். வீட்டுக் கூடத்தில் ஒரு தாய் தன் மகனின் தூக்கத்தைக் காக்கச் சொல்லும் பொய்க்கு இவற்றினும் மேலான சான்று எதற்கு எனக் கேட்கலாம்.

தாயின் அச்சத்திற்கும் காரணம் இல்லாமலில்லை. அமெரிக்காவில் எச்-ஒன்-பி விசாவில் பணிபுரிபவரின் கடவுச்சீட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், ஊருக்கு வந்தபின் துணைத்தூதரகத்தில் புதிதாகப் பெற்றே பொதுவாகத் திரும்ப வேண்டும். அதற்கு நாள் குறித்து வாங்குவதற்கே மாதங்கள் ஆவதுண்டு. பச்சை அட்டை எனப்படும் நிரந்தர வசிப்புரிமை வேலைவழியாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,40,000 பேருக்கே கிடைக்கிறது. அதிலும் ஒரு நாட்டில் பிறந்தோருக்குப் பொதுவாக 7 விழுக்காடே என 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளமையால், இந்தியாவிற் பிறந்தோர் பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்கின்றனர். விண்ணப்பத்தின் இறுதிக்கட்டத்தில் இருப்போருட் சிலர் முன்னனுமதி பெறாது நாட்டைவிட்டு வெளியேறினால், அவ்விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். பத்தாண்டுக் காத்திருப்பு ஒரு விமானப் பயணத்தில் கரைந்துபோகலாம். "சொன்னால் அவன் வரவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிப்பான்" என்று ஒரு தாய் கூறினால், அச்சொல்லை எளிதில் தள்ள நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும் நாம் ஒரு வினாவை எழுப்பித்தான் ஆகவேண்டும். நமது ஆகமம் கொலையையும் பொய்யையும் செயலின் வடிவத்தைக்கொண்டு மட்டும் அளப்பதில்லை. அச்செயலைத் தூண்டிய கஷாயத்தைக்கொண்டும் அளக்கிறது. பிரமத்த யோகம் என்பது இதுவே. ஆகவே, யாருடைய துன்பத்தைத் தவிர்க்க மறைக்கிறோம் என்பதை மறைப்பவர் தம் நெஞ்சிலேயே ஆராய வேண்டும். மணிக்கட்டு முறிந்த அம்மையாரிடம் இதை ஒருநாள் கேட்டோம். நெடுநேரம் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவர், பிறகு சொன்னார்: "சொல்லியும் அவன் வராமற் போனால் எனக்கு எப்படியிருக்கும்? சொல்லாவிட்டால் வரவில்லை என்ற குறை இல்லை அல்லவா?"

இதைவிட நேர்மையான விடையை எந்த உபந்நியாசத்திலும் நாம் கேட்டதில்லை. மகனின் தூக்கத்தைக் காத்ததாக எண்ணிய பொய், உண்மையில் தாயின் அச்சத்தைக் காத்தது. மகனை ஒரு தேர்வில் அமர்த்த அவர் விரும்பவில்லை. விடைத்தாள் எப்படி வருமோ என்ற ஐயம். அன்பினால் மறைத்தார் என்பதும் மெய்; அன்பின்மேல் ஐயங்கொண்டு மறைத்தார் என்பதும் மெய்.

இதனைப் பெரும் பாவம் என்று கூற நாம் முன்வரவில்லை. மேருமந்தர புராணத்தில் வரும் சத்தியகோஷன், பயணம் சென்ற வணிகன் நம்பி ஒப்படைத்த மணிகளை அபகரித்துக்கொண்டு, பெறவேயில்லை என்று சாதித்தவன். அவன் பொய்க்கும் கூடத்து அலமாரியில் கைப்பேசியை உயர்த்தி வைத்த பொய்க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எனினும் ஓர் ஒற்றுமை நெருடுகிறது. தொலைவு சென்றவன் நம்பி ஒப்படைத்துச் சென்ற ஒன்றே இங்கும் குறைகிறது. "வீட்டில் எதுவாயினும் எனக்குத் தெரிந்துவிடும்" என்ற நம்பிக்கையே அப்பொருள். சல்லியமற்றவனே விரதி என்கிறது சூத்திரம். மாயையும் மூன்று சல்லியங்களுள் ஒன்று. சல்லியம் என்றால் தைத்த முள். முள் சிறிதாயினும் நடை மாறிவிடுகிறது. அந்த மகன் ஞாயிறுதோறும் தாயை எழுந்து நடக்கச் சொல்வது அதனாலன்றோ?

மறைப்பது முதியோர் மட்டும் அன்று. மறுபக்கத்தையும் காண்போம். அமெரிக்காவில் எச்-ஒன்-பி விசாவில் இருப்பவர் வேலை இழந்தால், வேறு வேலை தேடிக்கொள்ள அதிக அளவாக 60 நாள்கள் தரும் விதி 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குள் கிடைக்காவிடில் குடும்பத்துடன் கிளம்ப வேண்டும். அல்லது வேறு விசாவுக்கு வழி காணவேண்டும். அந்த 60 நாள்களிலும் "அலுவலகம் எப்படி?" என்று கேட்கும் தந்தைக்கு "நன்றாயிருக்கிறது" என்று விடை சொன்ன இளைஞர்களை நாம் அறிவோம். ஊருக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்காமல் கடன் வாங்கி அனுப்பியவரும் உண்டு. இங்கே மாயையுடன் மானமும் சேர்ந்துவிடுகிறது. ஊரில் மகனைப் பற்றிப் பெருமையாகப் பேசிப் பேசி அந்த மானத்தை வளர்த்ததில் பெற்றோர்க்கும் பங்குண்டு. திருமண வீடுகளில் "உங்கள் பையனுக்கு அங்கே என்ன சம்பளம்?" என்று கேட்பவர்களுக்கும் உண்டு.

மகளிர் மறைப்பது இவ்விரண்டிலும் கொடிது. அதை மெல்லக் கடந்துசெல்ல நாம் விரும்பவில்லை. கணவரின் விசாவைச் சார்ந்து எச்-ஃபோர் விசாவில் செல்லும் பெண்ணுக்கு அங்கே பணிபுரிய உரிமை இல்லை. 2015ஆம் ஆண்டுதான், கணவரின் நிரந்தர வசிப்புரிமை முயற்சி ஒரு குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் அத்தகைய மனைவியர் அனுமதி பெற்றுப் பணிபுரிய வழி பிறந்தது. மற்றவர்க்கு இன்றும் இல்லை. முதுகலைப் பட்டம் பெற்று, இங்கே கை நிறையச் சம்பாதித்த பெண், அங்கே தனக்கென ஒரு சம்பாத்தியமின்றி, பனிக்காலத்தில் நான்கு சுவருக்குள் இருக்கிறாள். கணவன் நல்லவனாயிருந்தால் அது தனிமை மட்டும். நல்லவனல்லாவிடில்? அவளும் திரையில் முகத்தை மட்டுமே காட்டுவாள். "அம்மா நொந்துபோவாள், தங்கைக்கு இன்னும் மணமாகவில்லை" என்று அவள் விழுங்கும் சொல்லைச் சிலர் பொறுமை என்று போற்றுகின்றனர். நாம் போற்ற மாட்டோம். பிறருக்கு இடர் விளைக்கும் மெய்யைச் சொல்லற்க என்ற விதி, தன்னை வருத்துவோனை மறைத்துக் காப்பதற்காக ஏற்பட்டதன்று. மகளை அனுப்பும் தாய்மார், சீர்வரிசையை எண்ணிப் பார்ப்பதற்கு முன், "எதுவாயினும் எந்த நேரமாயினும் சொல், ஊர் என்ன பேசும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வாக்கைச் சொல்லி அனுப்புதல் வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

இனி, சொல்லவே கூசும் ஒன்று. உயிர் நீங்கிய உடலில் நுண்ணுயிர்கள் தோன்றத் தொடங்கும் என்பதால், காலம் தாழ்த்தாது தகனம் செய்வதே நமது மரபு. இன்றோ அயல்நாட்டு மகன் வந்து முகம் பார்க்க வேண்டும் என்பதற்காக இரண்டு நாள், மூன்று நாள், கண்ணாடி மூடிய குளிர்பெட்டியில் உடலைக் காக்கின்றனர். அந்த மகனின் ஏக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: தந்தை கண் திறந்திருந்த இரண்டு மாதங்கள் நோயை மறைத்துவிட்டு, கண் மூடியபின் இரண்டு நாள் காத்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? சல்லேகனை ஏற்பவர் முதலில் செய்ய வேண்டுவது, பற்றும் பகையும் நீக்கிச் சுற்றத்தாரை மன்னித்து, அவர்களிடம் இனிய சொல்லால் மன்னிப்புப் பெறுவதே. சல்லேகனை ஏற்கும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை எவருக்கும் நாம் பறித்தல் ஆகாது. நோயை மறைத்த வீட்டில் அந்தப் பேச்சு நிகழவே இடமில்லாமற் போகிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 22 முதல் பன்னாட்டு விமானங்கள் நின்றுபோன நாள்களில், பெற்றோரின் தகனத்தைக் கைப்பேசித் திரையிற் கண்ட பிள்ளைகள் பலர். அவர்களுள் ஒருவர் நம்மிடம், "வர முடியாமற் போனதைப் பொறுத்துக்கொண்டேன். மூன்று நாள் முன்பே மூச்சுத் திணறல் என்பதை எனக்குச் சொல்லாததைத்தான் பொறுக்க முடியவில்லை" என்றார். வருவதற்குத் தடை இருந்தது, பேசுவதற்கு இருக்கவில்லை.

ஆசிரியப் பணியில் இருந்தவர் என்ற முறையில் மற்றொன்றையும் கூறிவிடுகிறோம். விடுமுறைக்கு வந்த பேரனிடம், "தாத்தா மாத்திரை சாப்பிடுவதை அப்பாவிடம் சொல்லாதே" என்று கூறுவதைக் கேட்டிருக்கிறோம். ஏழு வயதுக் குழந்தைக்கு அது தமிழில் கிடைத்த பாடம்!

எல்லாவற்றையும் உடனே உரைத்துவிட வேண்டும் என்பது நமது கருத்தன்று. சொல்லும் நேரத்தையும் சொல்லும் முறையையும் தேர்ந்துகொள்வது மறைத்தலாகாது. அங்கே நள்ளிரவாயிருக்கையில், இங்கே இரத்தப் பரிசோதனை முடிவு வருமுன்னரே, அழுதுகொண்டு அழைப்பது கருணையன்று. மருத்துவர் கூறியதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி, "நீ வரவேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்றே சொல்கிறோம்" என்பதையும் சேர்த்துச் சொன்னால், வருவதும் வராததும் பிள்ளையின் முடிவாகிறது. அந்த முடிவை அவர் கையில் கொடுப்பதற்குப் பெற்றோர்க்குத் துணிவு வேண்டும். வரவில்லை என்ற விடையை வன்மமின்றி ஏற்பதற்கு அதனினும் பெரிய துணிவு வேண்டும்.

நமது தெருவில் மனைவியை இழந்து தனித்து வாழும் பெரியவர் ஒருவர், சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட அன்றே சிட்னியில் உள்ள மகளிடம் கூறிவிட்டார். மகள் உடனே வரவில்லை; பிள்ளைகளின் டிசம்பர் விடுமுறைக்குத்தான் வந்தார். ஆனால் அன்றே மருத்துவரிடம் தாமே பேசி, மாத்திரைகளின் பெயரைக் குறித்துக்கொண்டார். அது முதல் நாள்தோறும், பெரியவர் பொழுது சாய்வதற்குள் உண்ண அமரும் ஐந்தரை மணிக்கு, தம் ஊரில் இரவு பத்து மணிக்கு மேலாகியிருந்தும், அழைத்துவிடுகிறார். அவர் உண்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டிருக்கிறார். உப்புக் குறைத்த குழம்பைப் பற்றிப் பெரியவர் நாள் தவறாமல் குறை சொல்கிறார். அதையும் அவர் மகளிடம் மறைப்பதில்லை.