கை முந்தியதா, கருத்து முந்தியதா?

கையை உயர்த்துதல் என்னும் செயலிலிருந்து கை உயர்தல் என்னும் நிகழ்ச்சியைக் கழித்துவிட்டால் எஞ்சுவது யாது? லுட்விக் விற்கென்ஸ்ரைனின் ‘மெய்யியல் ஆய்வுகள்’ என்னும் நூல் (1953) எழுப்பிய வினாக்களுள் இதுவும் ஒன்று. சிறியதாகத் தோன்றும் இவ்வினாவின்மீதே அறவியலின் பெரும்பகுதி தங்கியுள்ளது எனலாம். உறங்குபவனின் கை பட்டு உடைந்த கலத்துக்காக எவரும் அவனைக் கடிந்துகொள்வதில்லை. சினங்கொண்டு எறிந்து உடைத்தவனையோ ஊர் பழிக்கும். உடைந்த கலம் ஒன்றே. கை அசைந்தமையும் ஒன்றே. அவ்வசைவுக்குப் பின்னால் நின்றது எது என்பதே வேறுபாடு.

உடற்றொழிலியல் இவ்வசைவை நன்கு விளக்குகின்றது. மூளைய மேற்பட்டையின் முற்பகுதிகளில் அசைவு திட்டமிடப்படுகின்றது. மூளையின் ஆழத்திலுள்ள அடித்திரட்டுகள், பல அசைவுகளுள் ஒன்றுக்கு வழிவிட்டு ஏனையவற்றைத் தடுக்க உதவுகின்றன. மூளியாகிய சிறுமூளை அதன் காலத்தையும் அளவையும் சீர்செய்கின்றது. இயக்க மேற்பட்டையிலிருந்து புறப்படும் கணத்தாக்கங்கள் முண்ணாண் வழியே இறங்கித் தசைகளைச் சுருக்குகின்றன. இவ்வொழுங்கு குலையும்போது விருப்பும் அசைவும் பிரிந்துவிடுகின்றன. பாக்கின்சன் நோயாளி நடக்க விரும்பியும் கால் எழாது நிற்கின்றார்; ஹன்ரிங்ரன் நோயாளியின் உடலோ அவர் விரும்பாமலே அசைகின்றது.

மொன்றியல் நகரில் பணியாற்றிய நரம்பு அறுவை மருத்துவர் வில்டர் பென்பீல்ட், வலிப்பு நோயாளர் விழித்திருக்கும்போதே அவர்களது மூளையை மின்வாயாற் தூண்டினார். இயக்க மேற்பட்டையைத் தொட்டதும் கை அசைந்தது. அவ்வசைவைச் செய்தவர் மருத்துவரே அன்றித் தாமல்லர் என்று நோயாளர் கூறினர். தன் செயலையும் தனக்கு நேர்ந்ததையும் மனிதன் பிரித்தறிகின்றான் என்பதற்கு இது சான்று.

ஆயின், அவ்வாறு பிரித்தறியும் உணர்வு நம்பத்தக்கதா? 1965ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் கோர்ன்ஹூபர், டீக்கே ஆகிய இருவரும், ஒருவர் தாமாகக் கையை அசைப்பதற்கு ஏறத்தாழ ஒரு செக்கன் முன்னரே மூளையில் மெல்லெழும் மின்மாற்றம் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டனர். ஆயத்த மின்னழுத்தம் என அதனைக் குறிக்கலாம். 1983இல் பெஞ்சமின் லிபெற்றும் அவர்தம் குழுவினரும் ஒரு படி மேற்சென்றனர். விரும்பிய கணத்தில் கையை அசைக்குமாறும், அவ்விருப்பம் தோன்றிய கணத்தைச் சுழலும் ஒளிப்புள்ளியைக் கொண்டு குறித்துக்கொள்ளுமாறும் பங்குபற்றியோரைக் கேட்டனர். மின்னழுத்தம் அசைவுக்கு ஏறத்தாழ 550 மில்லிசெக்கன் முன்னர் எழுந்தது. விருப்ப உணர்வோ ஏறத்தாழ 200 மில்லிசெக்கன் முன்னர்தான் தோன்றியது. மூளை தொடங்கிவைத்ததை மனம் பின்னரே அறிகின்றது என்றால் மனிதன் தன் செயல்களுக்கு எங்ஙனம் பொறுப்பாளியாவான் என்னும் ஐயம் இதிலிருந்து கிளைத்தது.

லிபெற் விருப்புரிமையை முற்றாக மறுத்தாரல்லர். எழுந்த தூண்டலைக் கடைசிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் மனத்துக்கு உண்டென்றார். பின்வந்த ஆய்வுகள் அவர் தந்த விளக்கத்தின் அடிப்படையையே அசைத்தன. அம்மின்னழுத்தம் ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவின் அடையாளமாக இல்லாதிருக்கலாம். மூளையில் இயல்பாக ஏறியிறங்கும் அலைவுகள் ஓர் எல்லையை எட்டுவதன் தோற்றமாகலாம் என்று 2012இல் ஷேர்கரும் பிறரும் காட்டினர். 2019இல் மாவோஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அறவியலுக்கு இன்னும் நெருக்கமானது. இரு தொண்டு நிறுவனங்களுள் எதற்குப் பணம் சேரவேண்டும் என மெய்யாகவே தீர்மானிக்குமாறு பங்குபற்றியோரிடம் கேட்கப்பட்டபோது ஆயத்த மின்னழுத்தம் காணப்படவில்லை, அல்லது மிகக் குன்றியிருந்தது. எதைத் தெரிந்தாலும் விளைவு ஒன்றே என்ற நிலையில்தான் அது தெளிவாக எழுந்தது. காரணமின்றி விரல் அசைப்பதையும், காரணங்களை எடைபோட்டு முடிவெடுப்பதையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது என்பது இதனாற் பெறப்படும்.

எனினும் வேகமும் பழக்கமும் ஆளும் செயல்கள் உள. மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து துடுப்பாட்ட வீரரை அடைய ஏறத்தாழ அரைச் செக்கனே எடுக்கின்றது. நின்று சிந்திக்க அவருக்கு நேரமில்லை. அதனால் அந்த அடி அவருடையதன்று என எவரும் கூறார். பல்லாண்டுப் பயிற்சியால் அவரே தம் மூளையில் அமைத்த வழியில் அது ஓடிற்று. பாராட்டு அக்கணத்துக்கு உரியதன்று. அதனை ஆக்கிய ஆண்டுகளுக்கு உரியது.

பழியும் அவ்வாறே. சினத்தில் ஓங்கிய கையை எண்ணிப்பார்க்க நேரமிருக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். சினம் ஓங்கும் கையாக முடியும்வரை அதனை வளரவிட்ட நாள்கள் பல இருந்தன. பொறுப்பு அந்நாள்களில் உறைகின்றது. நற்பண்பு பழக்கத்தால் அமைவது என்று அரிஸ்ரோட்டில் கூறியதன் பொருள் இங்கு புலனாகின்றது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பும் உண்டு. பழக்கத்தை ஆக்கிய நாள்களில் மனிதன் தனித்திருந்தானல்லன். அடித்து வளர்க்கப்பட்ட பிள்ளையின் கை எளிதில் ஓங்கக் கற்கின்றது. அப்பயிற்சியை அவன் தெரிந்தெடுக்கவில்லை. இம்மறுப்பு பொறுப்பை ஒழித்துவிடாது; அதனைப் பகிர்ந்தளிக்கின்றது. தன் கை எவ்வாறு பழகியிருக்கின்றது என்பதை அறிந்துகொண்ட நாள்முதல் அதனை வேறுவிதமாகப் பழக்கும் கடமை அவனுக்கு உண்டு. அதனைப் பழக்கிய குடும்பமும் பள்ளியும் சமூகமும் தம் பங்கை மறைத்துக்கொண்டு அவனை மட்டும் தண்டித்தல் நீதியாகாது.

ஆகவே கை முந்தியதா, கருத்து முந்தியதா என்பதை மில்லிசெக்கன்களில் அளந்து அறத்தின் தீர்ப்பைப் பெறவியலாது. கணத்தில் நிகழும் அசைவு நெடுங்காலம் வாழ்ந்த வாழ்வொன்றின் நுனியாகும். நுனியை மட்டும் அளக்கும் கருவி வேரைக் காட்டுவதில்லை. நுனியை மட்டும் நோக்கி வழங்கப்படும் தண்டனையும் வேரைத் தொடுவதில்லை.