தங்கிப் போகிறவர்களுக்காக

சென்னை பின்னி சாலையில் உள்ள கன்னிமாரா ஓட்டலுக்கு முன்பு வேறு பெயர்கள் இருந்தன. 1854இல் அது இம்பீரியல். 1886இல் ஆல்பனி. 1890இல்தான் அந்நாளைய ஆளுநர் கன்னிமாரா பிரபுவின் பெயரைச் சூடிக்கொண்டது. அப்புறம் ஸ்பென்சர் கம்பெனிக்காரர் கைக்குப் போயிற்று. 1930களில் முகமே மாறியது. 1970களில் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா புதிய பகுதியைச் சேர்த்தார். 1984இல் தாஜ் குழுமம் ஏற்றது.

பெயர் நிலைக்கவில்லை, உடையவர் நிலைக்கவில்லை, சுவர்கூட அப்படியே நிற்கவில்லை. அத்தனை காலமும் விடாமல் நடந்தது ஒரே வேலை: ஒருவர் போனதும் அறையைத் துடைத்து, விரிப்பை மாற்றி, அடுத்தவருக்காகத் திறந்து வைப்பது. நேற்று அங்கே யாரோ தூங்காமல் அழுதிருப்பார். புதுமணத் தம்பதி விடிய விடியப் பேசியிருப்பார்கள். காலையில் அதன் சுவடே இருக்காது. கோயிலில் விடியற்காலையில் நிர்மாலியம் களைவதைப் போன்றது அது. துடைக்கிற கைக்கு, போனவர் மேல் உரிமையும் இல்லை, வரப்போகிறவர் யார் என்ற கேள்வியும் இல்லை. அரண்மனை போன்ற அந்த ஓட்டலில் மிகப் பெரிய ஆன்மிகச் சாதனையைச் செய்துகொண்டிருப்பவர் அறையைத் துடைப்பவரே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெட்டுக்குப்பத்தில் நின்று இதை நினைக்கும்போது இன்னும் தெளிகிறது. கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கிற எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் இது. சுற்றிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், துறைமுகம், லாரிகள். இவற்றுக்கு நடுவே இருக்கும் எண்ணூர்க் கழி, மாநகரத்தின் மிகப் பழைய தங்குமிடம். வெள்ளை இறால் கடலில்தான் முட்டையிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே உள்ளே வரும். உவர்நீர், அலை அடங்கிய சேற்றுப் படுகை, அலையாத்தி வேர்களுக்கிடையே ஒதுங்க இடம், வேண்டிய இரை. சில மாதம் இருந்து வளரும். வளர்ந்தவை திரும்பக் கடலுக்கே போய்விடும். கழி எதையும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அடுத்த ஓதத்துக்கு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.

இங்கிருந்து தெற்கே, திருவொற்றியூர்க் கடலோரம், பட்டினத்தார் அடங்கிய இடம். காவிரிப்பூம்பட்டினத்தில் மரக்கலச் செல்வம் குவித்த வணிகர், அனைத்தையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு நடந்தவர். கையிலிருந்த பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கேயே தங்கலாம் என்று ஊர் ஊராகப் போய், இந்தக் கரையில் அது இனித்தது என்பது மரபு. சிறுவர்களோடு விளையாடி, தம்மைச் சாலால் மூடச் சொன்னார். திறந்து பார்த்தபோது இலிங்கம் இருந்தது என்பார்கள்.

அவரை உலகத்தை வெறுத்தவராக மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அவர் நல்ல விருந்தாளி. யாருக்கும் சுமை வைக்காமல் புறப்பட்டவர். விட்டுப் போவது துறவு என்றால், விட்டுப் போகும் இடத்தை அடுத்தவர் தங்கும்படி வைத்துப் போவது அதன் மறுபாதி. பற்றில்லாமல் இருப்பதும் அக்கறையோடு இருப்பதும் எதிரெதிர் என்று நினைப்பதால்தான் நாம் இரண்டையும் இழக்கிறோம். இரண்டும் சேர்ந்தே இருப்பதற்கு ஒரு சான்று: வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் 'பாடு' என்று முறை வைத்து வலை போடுகிறார்கள். இன்று என் முறை, நாளை அடுத்தவர் முறை. நீர் ஒருவருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லோரும் அதைக் காக்க வேண்டியிருக்கிறது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கி இந்தக் கழியில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அலையாத்தி மரங்களின் அடியெல்லாம் எண்ணெய்ப் பூச்சு. மீன்பிடிப்பு நின்றது. அப்போது மீனவர்களே படகில் இறங்கி, கையில் கிடைத்த மக்கையும் வாளியையும் கொண்டு எண்ணெயை மொண்டு மொண்டு பீப்பாய்களில் ஊற்றினார்கள். பிழைப்புக்காகத்தான் செய்தார்கள், கூலிக்கும் செய்தார்கள். ஆனால் அந்த நாட்களில் அவர்கள் துடைத்தது, இன்னும் உள்ளே வந்து சேராத இறால் குஞ்சுகளின் அறையையும்தான்.